வரிசை தவறிய இரண்டு தகடு

பல்லி இடது உள்ளங்கையைத் தகட்டின் மேல் விரித்து அழுத்திக்கொண்டான். வலது கையிலிருந்த டிரில்லை ரிவெட்டின் தலைக்கு நேராக வைத்து, சாய்க்காமல் ஒரு சுற்று விட்டான். ரிவெட்டின் தலை வளையம்போலக் கழன்று டிரில் முனையிலேயே சுழன்றது. அதை உதறிவிட்டு அடுத்ததற்குப் போனான். மேல் விளிம்பு, பிறகு இரண்டு பக்கமும். கீழ் விளிம்பை எப்போதும் கடைசியில்தான் தொடுவான். கடைசி ரிவெட் போகும்போது தகடு முழுவதும் தன் கையில் சாய வேண்டும், காற்றில் சாயக்கூடாது என்பது அவன் கணக்கு. சாய்ந்ததை முழங்கையால் தாங்கித் தொங்குமேடைக்குள் இறக்கிக் கயிற்றால் கட்டிய பிறகுதான் மூச்சு விடுவான்.

"மூச்சு விட்டாச்சா? நான் வரலாமா?" என்று மேடையின் மறுகோடியிலிருந்து மூட்டை கேட்டான்.

"வா வா. மெத்தை ரெடி."

தகடு இருந்த இடத்தில் மஞ்சள் நுரைப்பலகை தெரிந்தது. மூட்டை நீளக் கத்தியால் அதைக் கீறிப் பெயர்த்துப் பையில் திணித்தான். சாயங்காலம் பை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கீழே இறங்குவதால் அவனுக்கு அந்தப் பெயர் என்பார்கள். வேறு ஒரு காரணமும் உண்டு. அதை அவன் வயிற்றைப் பார்த்தால் தெரியும், எதிரில் யாரும் சொல்வதில்லை.

அது இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு. கட்டியபோது அழகுக்காக வெளிச்சுவர் முழுவதும் பளபளக்கும் தகடு போர்த்தியிருந்தார்கள். தகடு என்று பெயர்தானே தவிர, இரண்டு மெல்லிய அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி, அதற்கும் பின்னால் நுரைப்பலகை. தீப்பிடித்தால் அந்த இடைவெளி புகைபோக்கி ஆகிவிடும். ஊரின் மறுபக்கத்தில் இதே மாதிரித் தகடு போர்த்திய ஒரு கட்டிடம் அடியிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் எரிந்தபோதுதான் எல்லோருக்கும் அது புரிந்தது. அன்றிலிருந்து இங்கே குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரையே பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மாடி மாடியாக நடந்து மோப்பம் பிடிக்க ஒரு ரோந்து அம்மாளை அமர்த்தினார்கள். கழுத்தில் ஒரு ஊதுகொம்பு தொங்க அவள் படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள்.

தகடுகளைக் கழற்ற ஆள் வந்தபோது பால்கனிகளில் நின்று கை தட்டினார்கள். ஒவ்வொரு தகடு இறங்கும்போதும் ஆபத்தும் கூடவே இறங்குவதாக நினைத்தார்கள். அது அப்படியில்லை. தகடு போனால் நுரைப்பலகைக்கு மேல்சட்டை போய்விடுகிறது. சட்டையில்லாமல் நிற்கும் நுரைக்கு ஒரு சின்னப் பொறி போதும். தகட்டோடு இருப்பதைவிட அது மோசம். அதனால் பாதுகாப்பு அதிகாரி ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தாள். உச்சியிலிருந்து வரிசையாகக் கீழே வர வேண்டும். கழற்றின இடத்தில் நுரையை அன்றைக்கே எடுத்து, வெறும் கான்கிரீட் தெரிந்த பிறகுதான் மேடையை இறக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது வெளியே மஞ்சள் என்று ஒரு விரல்கூடத் தெரியக்கூடாது.

"கீழ பார்த்து மலைக்க வேணாம். வேகம் காட்ட வேணாம். உரிச்சதை மூடாம வீட்டுக்குப் போக வேணாம்" என்று காலையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்வாள். அவளுக்கு வேணாம் மேடம் என்று பெயர் வைத்தது பல்லிதான்.

சுவரோடு ஒட்டி நிற்பதால் பல்லி என்று பெயர் வாங்கினவனுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, நரம்பும் எலும்பும்தான். வெள்ளையடிக்கிறவனாக ஆரம்பித்து, கண்ணாடி துடைத்து, பிறகு இதே போன்ற தகடுகளை எத்தனையோ கட்டிடங்களுக்கு மாட்டினான். இப்போது கழற்றுகிறான். மாட்டினபோதும் கூலி வாங்கினான், கழற்றும்போதும் வாங்குகிறான், அதில் அவனுக்கு எந்த உறுத்தலும் இல்லை. மனைவி என்று ஒருத்தி வந்தாள். கயிற்றில் தொங்குகிறவனை நம்பி நான் எப்படித் தூங்குவது என்று கேட்டாள், பதில் கிடைக்காமல் போய்விட்டாள். தரையில் அவன் யாருக்கும் பெரிய ஆள் இல்லை. மேலே போய்விட்டால் அவனைப்போல் வேகமாகத் தகடு கழற்ற ஆள் கிடையாது. அந்த ஒன்றைத்தான் அவன் சொத்தாக நினைத்திருந்தான்.

அந்தக் கட்டிடத்தில் பதினேழாம் மாடியில் அவன் அக்கா இருந்தாள். வேலைக்குச் சேரும்போது அதை யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர் இருக்கும் கட்டிடத்தில் வேணாம் மேடம் ஆளை ஏற்றமாட்டாள்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா. ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைத்துத் தைத்து இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினவளும் அவளே. பேச்சில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. மூளையில் ரத்தம் கட்டி வலது பக்கக் கையும் காலும் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போயிற்று. மிஞ்சினது இரண்டு சொல். ஒன்று "சரி சரி." இன்னொன்று "போடா." பசித்தாலும் போடா, தலையணை நழுவினாலும் போடா, டாக்டர் வந்தாலும் போடா. டாக்டர் பெண் என்பதால் முதல் தடவை கொஞ்சம் குழம்பிப்போனாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைப்பது, மசித்த உணவைச் சிறு கரண்டியால் நல்ல பக்கக் கன்னத்தில் வைத்து விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்ப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, எல்லாம். இத்தனை நாள் படுக்கையில் கிடந்தும் அவள் முதுகில் ஒரு புண் இல்லை. அது அவருக்கு மெடல் கொடுக்க வேண்டிய விஷயம், யாரும் கொடுக்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே ஓய்வு சிகரெட். அவள்மேல் புகை படக்கூடாது என்று ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் குடிப்பார்.

அந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த தகட்டில் இரண்டு ரிவெட் எப்போதோ விட்டுப்போயிருந்தன. காற்று எழும்போதெல்லாம் தகடு சுவரில் மோதி டக்டக்கென்று அடிக்கும். அந்தச் சத்தத்தில் அக்கா தூங்கவில்லை. தூங்காதவள் சாப்பிடவும் மறுத்தாள். வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"ரெண்டு கரண்டி இறங்குறதுக்குள்ள என் உசிரு போயிடுது" என்று அத்தான் பல்லியிடம் புலம்பினார். "ஊர்த் தகடையெல்லாம் கழட்டுறே. உங்கக்கா தலைமாட்டுல அடிக்கிறது உனக்குக் கேக்கலையா?"

"வரிசைப்படிதான் அத்தான் வர முடியும். இப்பத்தான் பத்தொம்பதுல நிக்கிறோம்."

"வரிசையாம் வரிசை. பால் கார்டுக்கு நிக்கிறியா?"

அக்கா கட்டிலிலிருந்து அவனை முறைத்தாள். "போடா" என்றாள். அதில் இருந்த களைப்பு அவனுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் மேற்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் மாடிச் சுவரை முடித்துவிட்டார்கள். மேலே வெறும் கான்கிரீட். கீழே பதினெட்டாம் மாடியிலிருந்து தகடுகள் அப்படியே இருந்தன. மற்றவர்கள் கருவிகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். பல்லி மேடையின் பொத்தானை அழுத்தினான். மேடை இரண்டு மாடி கீழே இறங்கி அக்காவின் ஜன்னலுக்கு எதிரே நின்றது.

"எங்கடா போறே?" என்றான் மூட்டை.

"ரெண்டே தகடு. ஜன்னலுக்குக் கீழ ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. கீழ உள்ளது ஆடுறதுல பக்கத்துல உள்ளதும் ஆடுது. உள்ள எங்கக்கா தூங்க முடியாம கிடக்குறா."

"மேடம் தோலை உரிச்சுடுவாங்க."

"காலைல முதல் வேலையா வந்து நீ ஃபோமை எடுத்துடு. ஒரு ராத்திரியில வானம் இடிஞ்சா விழுந்துடும்?"

மூட்டை கத்தியை உறையில் போட்டான். மூன்று மாதமாக அவனோடு ஒரே மேடையில் நிற்கிறவன். மேலே நிற்கும்போது கூட இருப்பவனோடு மனஸ்தாபம் வைத்துக்கொள்ள முடியாது.

பல்லி இரண்டு தகட்டையும் கழற்றினான். ஜன்னலுக்குக் கீழே இருந்த தகட்டின் மேல் விளிம்பில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளிகள். அத்தான் ஆண்டுக்கணக்காகச் சிகரெட்டை அணைத்த இடம். அதைப் பார்த்து மூட்டை, "உங்க வீட்டு ஆஷ்ட்ரே எம்மாம் பெருசு!" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தகடு எடுத்த இடத்துக்கு அடியில், அடுத்த தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதற்குள் ஏதோ பறவை வைக்கோலும் காகிதமும் கொண்டுவந்து திணித்து வைத்திருந்தது. காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. காலையில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்கி ஆட்டினாள். அன்று அவள் தூங்கினாள்.

காலையில் காற்று எழுந்தது. வெயிலில் காய்ந்த காற்று, மண் வாரி இறைத்தது. காற்றை அளக்கும் கருவியில் முள் சிவப்பைத் தாண்டியதும் வேணாம் மேடம் தொங்குமேடைகளைச் சங்கிலியால் கட்டிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"காத்து அடங்குற வரைக்கும் யாரும் மேல போக வேணாம்" என்றாள். அண்ணாந்து பார்த்தவள், "பதினேழுல ரெண்டு தகடு காணோமே?" என்றாள்.

பல்லி பதில் சொல்வதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டான். "காத்து பிச்சுக்கிட்டுப் போயிருக்கும் மேடம். ஏற்கெனவே ஆடிட்டு இருந்த தகடு."

"விழுந்திருந்தா கீழ கிடக்கணுமே."

"நம்ம ஆளுங்க எடுத்து அடுக்கியிருப்பாங்க."

அவள் முகம் சுளித்தாள். பிறகு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. மூட்டை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பல்லி அவனையே பார்த்தான். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் கயிற்றில் தொங்கி வேலை செய்யத் தந்த அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள், இந்த ஊரில் எந்தக் கட்டிடத்திலும் அவனை ஏற்ற மாட்டார்கள். நாளைக்குக் காற்று அடங்கிவிடும், சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

மறுநாளும் காற்று அடங்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

வேலை இல்லாததால் பல்லி அக்கா வீட்டிலேயே கிடந்தான். வெளியே நுரைப்பலகை வெயிலில் காய்ந்து விளிம்பு உதிர்ந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக மஞ்சள் தூள் உள்ளே வந்து அக்காவின் போர்வையில் படிந்தது. அத்தான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அத்தான், இந்த ஜன்னல்ல நின்னு குடிக்காதீங்க. வெளிய ஃபோம் திறந்து கிடக்கு" என்று பல்லி சொல்லத்தான் செய்தான்.

"சரிடா."

"சரிடான்னா? விளையாட்டு இல்ல."

"குடிக்கலைன்னு சொல்றேன்ல. நானே எவ்வளவு நாளா விடணும்னு பாக்குறேன். படிக்கட்டுப் பக்கம் போய்க் குடிச்சுக்கறேன், போதுமா?"

இரண்டு நாள் படிக்கட்டுக்குத்தான் போனார். ஆனால் படிக்கட்டுக்குப் போனால் அக்காவின் சத்தம் காதில் விழாது. அவளுக்கு எச்சில் புரையேறுவது வழக்கம். புரையேறினால் உடனே பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். இது தெரிந்த மனிதர் எத்தனை நேரம் படிக்கட்டில் நிற்பார்?

மூன்றாவது நாள் மதியம் பல்லி குளியலறையில் அக்காவின் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தான். அத்தான் அவளுக்கு ஊட்டி முடித்து, தலைப்பக்கம் உயர்த்தி, ஜன்னலைப் பார்த்தவாறு இடதுபக்கமாகச் சாய்த்துவிட்டார். ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி அவசரமாக நாலு இழுப்பு இழுத்தார். கை தன் பாட்டுக்குக் கீழே போய், எப்போதும் அணைக்கிற இடத்தில் அணைத்தது. அங்கே தகடு இல்லை. சிகரெட் நுரையின் விளிம்பில் உரசி, கங்கோடு நழுவி, கீழே பிளந்திருந்த இடைவெளிக்குள் விழுந்தது. அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அணைந்திருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினார்.

முதலில் பார்த்தது அக்கா. இடது கை விரல் மோதிரத்தால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள். ஈரக்கையோடு ஓடிவந்த பல்லி ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே நூல்போல ஒரு புகை நேராக ஏறாமல் காற்றில் முறுகி முறுகி ஏறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சீப்பு கருகும் நாற்றம்.

அத்தான் பேயறைந்ததுபோல நின்றார். "கை தானா போயிடுச்சுடா…"

பல்லி வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனான். வாசலில் ரோந்து அம்மாள் வந்து நின்றாள். மேல் மாடியிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறாள்.

"திறக்காதே! திறந்தா காத்தைக் கூப்பிட்டுக் குடுக்கற மாதிரி. சுவரை நாங்க பாத்துக்கறோம். நீ ஆளைத் தூக்கு."

சொல்லிவிட்டுக் கொம்பை எடுத்து ஊதினாள். அந்தச் சத்தம் இருபத்திரண்டு மாடியிலும் இறங்கி ஏறியது. கதவுகள் திறந்தன.

அத்தான் பழக்கதோஷத்தில் லிஃப்ட் பக்கம் ஓடி, பாதியில் நின்று திரும்பினார். "இல்ல, இல்ல, லிஃப்ட் கூடாது. நடுவுல நின்னுடும். படிதான்" என்றார். ஆயுள் முழுவதும் லிஃப்ட் பழுதுபார்த்தவர் வாயிலிருந்து அது வந்தது.

சாப்பாட்டு நாற்காலி ஒன்றில் அக்காவை உட்காரவைத்து, போர்வையால் மார்பையும் நாற்காலி முதுகையும் சேர்த்துக் கட்டினார்கள். விழுந்த வலது கை படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டி முறியாமல் மடியில் வைத்து அதையும் கட்டினார்கள். சிறுநீர்ப் பையை நாற்காலியின் காலில் தொங்கவிட்டார்கள், மேலே தூக்கினால் பின்னோக்கிப் பாயும். இப்போதுதான் சாப்பிட்டிருந்ததால் பின்னால் அதிகம் சாய்க்கவும் முடியாது. பல்லி கீழ்ப்பக்கம் பிடித்து, அவளுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி இறங்கினான். அத்தான் மேலே பிடித்தார். பத்தாம் மாடியில் அத்தானின் முழங்கால் மடங்கியது. மூட்டை எங்கிருந்தோ ஏறிவந்து, "நகருங்க பெரியவரே" என்று அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

"போடா, போடா, போடா" என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"போய்ட்டுதான்கா இருக்கோம்" என்றான் பல்லி. வேறென்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கீழே மைதானத்தில் ஊரே நின்று அண்ணாந்து பார்த்தது. பதினேழாம் மாடி ஜன்னலின் பக்கவாட்டு நுரை பிடித்துக்கொண்டது. தீ பதினெட்டாம் மாடித் தகட்டுக்குப் பின்னால் நுழைந்தது. தகடு உப்பியது, சுருண்டது, உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. பத்தொன்பதாம் மாடிக்கு வந்ததும் அதற்கு அங்கே தின்ன ஒன்றும் இல்லை. மூட்டை சுரண்டி வைத்திருந்த வெறும் கான்கிரீட்டை நக்கிப் பார்த்துவிட்டு நின்றது. தீயணைப்பு ஆட்கள் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகக் குழாயை நீட்டி மிச்சத்தை அணைத்தார்கள். யாரும் சாகவில்லை. பதினெட்டாம் மாடியில் ஒரு பெண்மணிக்குக் கையில் தீக்காயம். அக்கா புகையைக் குடித்திருந்தாள், மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம் இருந்தது.

தரைத்தளத்துக் கூடத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு அவளைப் படுக்கவைத்தார்கள். சாயங்காலம் அதே கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"காத்து தகடைப் பிச்சுடுச்சு, எங்கேயோ இருந்து பொறி வந்து விழுந்துடுச்சு. தெளிவா தெரியுதே" என்றார் குடியிருப்பின் நிர்வாகி.

"அப்ப நாளைக்கு மத்த தகடையும் பிச்சு எறியும்ல?" என்று ஒருவர் கத்தினார். "மொத்தத் தகடையும் நாளைக்கே உரிங்க! நாலு பக்கமும் ஆளைப் போடுங்க!"

"ஃபோமை அப்புறம் எடுத்துக்கலாம். தகடுதான் எமன்!"

கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. வேணாம் மேடம் எழுந்தாள். "அப்படிச் செய்ய வேணாம். தகடைக் கழட்டினா நுரை மொத்தமும் வெளிய நிக்கும். அது இன்னும்…"

"நீங்க சொன்ன வரிசைப்படிதானே போனோம்? என்னாச்சு பாத்தீங்கல்ல?"

வரிசைப்படி போயும் தீப்பிடித்தது என்றுதான் அவளும் நம்பினாள். காற்று அடங்கியதும் தகடுகளை மொத்தமாகக் கழற்றுவது என்று முடிவானது.

கூட்டம் கலைந்த பிறகு அத்தான் பல்லியின் தோளைப் பிடித்தார். "தகடு நீ கழட்டினது யாருக்கும் தெரியாது. சிகரெட் நான் போட்டது யாருக்கும் தெரியாது. உன் பொழப்பும் போக வேணாம், எங்க வீடும் போக வேணாம். துரத்திட்டா இவளை எங்க கொண்டு போய்ப் போடுவேன்? காத்துன்னே இருக்கட்டும்."

பல்லி தலையாட்டினான். மேசைமேல் படுத்திருந்த அக்கா கண்ணை மூடவில்லை. இரண்டு பேரும் செய்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஒருவர் முகம் மாற்றி ஒருவர் முகமாகப் பார்த்தாள்.

காலையில் இலை அசையவில்லை. சங்கிலிகளை அவிழ்த்து நான்கு பக்கமும் மேடைகளை இறக்கினார்கள். வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார்கள். குடியிருந்தவர்கள் விடிந்ததும் விடியாததுமாக மைதானத்தில் வந்து நின்றார்கள். மேஸ்திரி பெரிய டிரில்லைக் கொண்டுவந்து பல்லியின் கையில் கொடுத்தான்.

"மேற்குப் பக்கம் முழுக்க உன்னுது. இன்னிக்கு உன் வேகத்தைக் காட்டு. சாயங்காலத்துக்குள்ள ஒரு தகடு இருக்கக்கூடாது."

பல்லி டிரில்லை வாங்கினான். அண்ணாந்து பார்த்தான். நாலு பக்கமும் உரித்தால் உச்சிவரை மஞ்சள். அத்தனை ஜன்னலுக்கும் பக்கத்தில் மஞ்சள். அதை எடுக்க மூட்டைக்கும் அவன் ஆட்களுக்கும் வாரக்கணக்காகும். மறுபடி காற்று வந்தால் மேடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கீழே நின்று பார்க்க வேண்டியதுதான். இவர்களை இதைச் செய்யவைப்பது ஒரு பொய். அந்தப் பொய் அவனுடையது. அவன் கைதான் வேகமான கை என்பதால் அதைச் செய்யப்போவதும் அவனே.

டிரில்லைத் தரையில் வைத்தான்.

"மேடம், அந்த ரெண்டு தகடைக் காத்து பிக்கலை. நான்தான் கழட்டினேன். வரிசையை விட்டுட்டுப் போய்க் கழட்டினேன். ஃபோமை எடுக்கலை."

வேணாம் மேடம் அவனைப் பார்த்தாள். "ஏன்?"

"பதினேழுல இருக்குறது எங்கக்கா. தகடு ஆடிச்சு, தூங்க முடியலை."

கையில் கட்டுப் போட்டிருந்த பதினெட்டாம் மாடிப் பெண்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "உங்கக்கா தூங்கறதுக்கு எங்களைக் கொளுத்தப் பாத்தியாடா பாவி?"

அவன் தலை குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. "ஆமாம்மா" என்றான்.

யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். மூட்டை நடுவில் புகுந்து, "நானும் கூட இருந்தேன்! அடிக்கறதுன்னா என்னையும் அடிங்க, எனக்கு இடம் நிறைய இருக்கு" என்று வயிற்றைக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் பிடித்த கை விட்டது.

"பொறி?" என்றாள் வேணாம் மேடம். "அது எங்கிருந்து வந்தது?"

கூடத்து வாசலில் நின்ற அத்தான் உள்ளே திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு படியிறங்கி வந்தார்.

"அது என் சிகரெட்டும்மா" என்றார்.

அதற்குப் பிறகு சத்தம் வெகுநேரம் ஓயவில்லை. வேணாம் மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். வரிசைப்படி போனதால்தான் பத்தொன்பதாம் மாடியில் தீ நின்றது என்று கையை நீட்டிக் காட்டினாள். கருப்புப் பட்டை ஏறி நின்ற இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதைப் பார்த்த பிறகு மொத்தமாக உரி என்று யாரும் கத்தவில்லை. நிர்வாகி முணுமுணுத்துக்கொண்டே நான்கு பக்கத்து மேடைகளையும் திருப்பி உச்சிக்கு ஏற்றச் சொன்னார். மேற்குப் பக்கத்தில் கருகின இடத்தை மட்டும் முதலில் சுரண்டுவது, பிறகு பழைய வரிசை, பழைய வேகம்.

வேணாம் மேடம் பல்லியின் இடுப்பு பெல்ட்டைத் தானே அவிழ்த்து வாங்கினாள். அனுமதி அட்டையையும் வாங்கினாள்.

"இனிமே மேல வர வேணாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்குக் கீழ பை கட்ட ஆள் இல்ல. நாளைக்கு என்ன செய்யறதுன்னு நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

அத்தானை நிர்வாகி அறைக்குள் அழைத்துப் போனார்கள். அவர்களுக்கு வீடு இருக்குமா இருக்காதா என்று அறை வாசலில் நின்றவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பல்லி கூடத்துக்குள் போனான். அக்காவைப் புரட்ட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவள் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து மறுபக்கம் சாய்த்தான். கணுக்கால்களுக்கு நடுவே துணியைச் சுருட்டி வைத்தான். மூச்சில் கீச்சுச் சத்தம் நேற்றைவிடக் கூடியிருந்தது. அவள் கண் திறந்து வாசல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கிருந்து சுவர் தெரியாது. மேற்குப் பக்கத்தில் மூட்டை வேறொருவனோடு மேலே ஏறிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பக்கமும் வெயிலில் பளபளத்துக்கொண்டு அப்படியே நின்றன.

பல்லி டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவள் சத்தம் கேட்கும் தூரத்தில் வாசலிலேயே உட்கார்ந்து காலிப் பைகளை உதறிப் பிரிக்க ஆரம்பித்தான்.